பத்தொன்பதாவது வாரத்து இதழ்

7-7-83, வியாழன்

தபால் பை வரும்போது மணி பத்தரை. மாயவனுக்குச் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டதாம். கீழப்பழுவூரிலிருந்து இங்கே நாலு மைல். அந்த நாலு மைலுக்குள் தினம் ஒன்று கழல்கிறது அவனுக்கு. திட்டத் தெம்பில்லை. விடிந்ததும் மாடு, அப்புறம் தண்ணீர்க் குடம், ஒன்பது மணிக்கு இந்த முன்னறை ஜன்னலைத் திறந்தால் நான் போஸ்ட்டம்மா. வீட்டுக்காரர் தவறிய பிறகு அவருடைய தராசும் முத்திரையும் எனக்கு வந்தன. ஆறு வருடம் ஆகிறது. என் பெயர் சுந்தராம்பாள் என்பது கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வருகிறது.

திருச்சியில் ஐ.டி.ஐ. படிக்கிற குழந்தைவேல் கார்டு போட்டு மூன்று வாரம். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுக்கிறவளுக்கு, பெற்ற பிள்ளையிடமிருந்து ஒரு கார்டு இல்லை.

ஆனால் இன்று வியாழன். சக்ரதரன் வரும் நாள்.

இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? இந்த ஊரில் சந்தா கட்டி வாரப் பத்திரிகை வாங்குகிற ஒரே ஆள் அரங்கநாதன் ஐயா. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தபாலில் வரும் பத்திரிகையைச் சுற்றி விலாசம் ஒட்டிய தாள் பட்டை ஒன்றுதான் இருக்கும். ஓரத்தைப் பிடித்து மெல்லத் தள்ளினால், வளையல் கழற்றுகிற மாதிரி, கிழியாமல் வந்துவிடும். படித்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம். ஆறு வருடமாக அவருக்குப் பத்திரிகை வெள்ளிக்கிழமைதான் போகிறது.

சக்ரதரன் எழுதும் 'ஈரமில்லாத குடை'க்கு இது பதினேழாவது வாரம். மலை பங்களாவில் ஒரு நீதிபதி செத்துக் கிடக்கிறார். ராத்திரி முழுக்க மழை. வாசலில் மாட்டியிருந்த குடை மட்டும் நனையவில்லை. அப்படியானால் கொன்றவன் வெளியிலிருந்து வரவில்லை. உள்ளே இருந்தது டாக்டர், டிரைவர், நீதிபதியின் தங்கை மகள். எனக்கு டாக்டர் மேல்தான் சந்தேகம். ஒரு மனுஷன் அவ்வளவு நல்லவனாக இருக்க முடியாது.

படித்து முடிக்கும் வரை முழங்கால் வலி தெரியவில்லை. முடித்ததும் தெரிந்தது.

8-7-83

அரங்கநாதன் ஐயா இன்லேண்டு வாங்க வந்தார். ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "தொடர்கதையெல்லாம் எப்படிங்க போவுது?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா படிக்கிறேன்? வாராவாரம் படிக்கிறது, எக்ஸ்பிரஸை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிறுத்துற மாதிரி. பட்டையைக்கூடப் பிரிக்காம பொட்டியில அடுக்கிடுவேன். கதை முடிஞ்சப்புறம் ஒரே மூச்சுல படிப்பேன். அதுவரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

நான் ஏன் திறக்கிறேன்.

14-7-83

பதினெட்டாவது வாரம். அந்த மழையில், ஒன்பது மணிக்கு, பெட்ரோல் போடப் போனேன் என்கிறான் டிரைவர். நம்புகிற மாதிரியா இருக்கிறது? உடம்பெல்லாம் அலுப்பு. இவ்வளவுதான் இன்று.

21-7-83, வியாழன்

கடிதங்களைப் பிரித்து, நம் ஊர் முத்திரையைக் குத்தி, மாயவன் கையில் கொடுத்த பிறகுதான் மற்றது. அதுதான் முறை. ஆனால் மாயவன் டீ குடிக்கப் போயிருந்தான். போன வாரம் டிரைவரின் கழுத்தைப் பிடித்த இடத்தில் நிறுத்தியிருந்தார் சக்ரதரன். மனசு கேட்குமா? பையைக் கொட்டியது கொட்டியபடி கிடக்க, பட்டையைக் கழற்றிவிட்டேன்.

பத்தொன்பதாவது வாரம் பிரமாதம். டிரைவர் சொல்லும் நேரமும் தங்கை மகள் சொல்லும் நேரமும் ஒத்துவரவில்லை. அப்புறம் சரிபார்க்கலாம் என்று கையில் கிடைத்ததை அந்தப் பக்கத்தில் செருகிவிட்டு மேலே ஓடினேன். கடைசி வரிக்கு வந்தபோது ஜன்னலில் குரல்.

"போஸ்ட்டம்மா, எனக்குக் கார்டு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

அம்சவள்ளி. நடவு வேலைக்குப் போகிற இருசம்மாளின் மகள். டீச்சர் ட்ரெய்னிங் முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸிலிருந்து இன்டர்வியூ கார்டு வரும் வரும் என்று மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள். காலனித் தெருவில் அவ்வளவு படித்த பெண் அவள் ஒருத்திதான். தினமும் வருகிறாள், தினமும் நான் இல்லை என்கிறேன். சொல்கிற எனக்கே அலுத்துவிட்டது.

பத்திரிகையை மூடிப் பட்டையை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அப்புறம்தான் கடிதங்களைப் பிரித்தேன். பார்த்தால் நான் சொன்னது சரிதான், அவளுக்கு ஒன்றும் இல்லை.

28-7-83

குழந்தைவேலின் கார்டு வந்தது. நான்கு வரி. அதில் மூன்று, ஊறுகாய் பற்றி.

1-8-83, திங்கள்

அம்சவள்ளி இன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. ஆண்டிமடத்தில் அவளோடு படித்த பெண்ணுக்குக் கார்டு வந்து பத்து நாள் ஆகிவிட்டதாம். பதினாறாம் தேதி காலை பத்து மணிக்குத் திருச்சியில் இன்டர்வியூ.

"அவளுக்கும் எனக்கும் பதிவு நம்பர் நாலுதாங்க வித்தியாசம். ஒரே நாள்ல பதிஞ்சோம். எனக்கு வராம இருக்காதுங்க."

"வரும்மா. ரெண்டு நாள் பொறு" என்றேன். பொறு என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

3-8-83, ஆடிப்பெருக்கு

ஊரெல்லாம் சித்திரான்னம். நான் தபால் பையை உதறிக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகையில்கூடப் பார்த்தாயிற்று. இல்லை.

மாயவனைக் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. அவன் முகம் சுண்டிவிட்டது. "அக்கா, எம்புள்ள மேல சத்தியமா நீங்க குடுக்குறதைத்தான் நான் கொண்டு போறேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு கார்டு குடுக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

அப்போதும் எனக்கு அவன் மேல்தான் சந்தேகம். செயின் கழன்றது, டீ குடிக்கப் போனது எல்லாவற்றையும் மனசுக்குள் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கதை படித்துப் படித்து எனக்குத் துப்பறியத் தெரிந்துவிட்டது என்று நினைப்பு.

4-8-83, வியாழன்

இருபத்தொன்றாவது வாரம். துப்பறிகிறவர் மூன்று பேரையும் உட்கார வைத்து ஒன்று சொல்கிறார். இத்தனை நாள் உங்கள் கண் எதைப் பார்த்தது என்றே கேட்டுக்கொண்டிருந்தேன், கண் வேறு எங்கோ இருந்தபோது உங்கள் கை என்ன செய்தது என்று கேட்க மறந்துவிட்டேன் என்கிறார்.

படித்ததும் கை நின்றுவிட்டது.

இந்த நோட்டைத் திருப்பினேன். 21-7-83. என் கையெழுத்துதான். "கையில் கிடைத்ததை அந்தப் பக்கத்தில் செருகிவிட்டு."

என்ன கிடைத்தது? மேசை மேல் முத்திரை குத்தாத கடிதங்கள் கிடந்தன. வேறென்ன இருந்தது? ஒன்றும் இல்லை. செருகினது விறைப்பாக இருந்தது. கார்டுதான். கார்டேதான். ஐயோ, நானா? அவ ஜன்னல்ல நின்னு கேக்குறா, கார்டை உள்ள வச்சு மூடிக்கிட்டே இல்லேங்கிறேன். நானேதான் இல்லேங்கிறேன்.

பத்திரிகை அரங்கநாதன் ஐயா வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. பட்டை பிரிக்காமல்.

5-8-83

எழுத ஒன்றும் இல்லை. மாயவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

9-8-83

ஐந்து நாளாக எனக்கும் எனக்கும் வழக்கு. சாதாரணக் கார்டுக்கு எந்த ஏட்டிலும் பதிவு கிடையாது. வரவே இல்லை என்று நான் சொன்னால் வரவே இல்லைதான். யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கார்டு இல்லாமலே போய்க் கேட்டுப் பார் என்று அவளிடம் சொல்லலாமே? எனக்கு அனுப்பினது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? படித்த பெண், கேட்பாள். ஐயாவிடம் போய் அந்த வாரத்து இதழைக் கொடுங்கள் என்றால்? எதுக்கு என்பார். ஒரு கடிதத்தைத் திறந்து பார்த்தாலே வேலை போய்விடும். நான் ஆறு வருடமாக வாரா வாரம் செய்திருக்கிறேன். இந்த ஜன்னல் போனால் எனக்கு என்ன இருக்கிறது? ஒரு மாடும் இரண்டு முழங்காலும்தான்.

யாரையும் கெடுக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. வாரத்தில் ஒரு அரை மணி நேரம் இந்த ஊரில் இல்லாமல் இருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அந்த அரை மணியில்தான் அவள் வந்து நின்றிருக்கிறாள்.

11-8-83, வியாழன்

படிக்கக் கூடாது என்று பத்திரிகையை அலமாரிக்குள் வைத்தேன். பிறகு எடுத்துப் படித்தேன். இப்படியும் ஒரு ஜென்மம். இருபத்திரண்டாவது வாரம். டாக்டரின் கைப்பையில் சாவி.

13-8-83, சனி

அம்சவள்ளி இன்று வரவில்லை. மூன்று வருடத்தில் இதுதான் முதல் நாள். பதினொன்றரைக்கு இருசம்மாள் வந்தாள். சேற்றுக் காலோடு, தள்ளியே நின்றாள்.

"ரெண்டு நாளா சோறு திங்கலிங்க. மொவத்தை மூடிட்டுப் படுத்துருக்கு. வராத கார்டுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, தெரியுது. ஆனாலும் ஒரு தடவை நல்லாப் பாருங்க தாயி."

தாயி என்றாள். ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதேன். அழுது என்ன? திங்கட்கிழமை சுதந்திர தினம். செவ்வாய்க்கிழமை பதினாறு.

14-8-83, ஞாயிறு

விடிந்ததும் போனேன். அரங்கநாதன் ஐயா வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றார். "ஜூலை இருபத்தொன்னாம் தேதி வந்த பத்திரிகை வேணுங்க" என்றேன். மனுஷன் ஏன் என்று கேட்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்தார். நாப்தலின் வாசனை. தேதி வாரியாக அடுக்கி, பட்டைக்கு ஒரு சுருக்கம் இல்லை.

அவர் எடுத்துக் கொடுத்ததும் என் கை ஓரத்தைப் பிடித்துத் தள்ளியது. பழக்கம். பட்டை சத்தமில்லாமல் வந்துவிட்டது. உதறினேன். கார்டு விழுந்தது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ். திருச்சி முத்திரை இருந்தது, கீழப்பழுவூர் முத்திரை இருந்தது. நம் ஊர் முத்திரை மட்டும் இல்லை.

அவர் கார்டைப் பார்க்கவில்லை. பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷமா?" என்றார்.

"ஆறு வருஷங்க."

வாயைக் கொப்பளிக்க உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து முத்திரையை எடுத்தேன். தேதி எண்ணை இருபத்தொன்று ஜூலைக்குத் திருப்ப அரை நிமிடம் போதும். எடுத்துத் திருப்பவும் ஆரம்பித்தேன். பிறகு பதினாலு ஆகஸ்டிலேயே வைத்துக் குத்தினேன். ஞாயிற்றுக்கிழமை முத்திரை விழுந்த கார்டு எங்கள் ஆபீஸில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

காலனித் தெருவுக்கு நானே கொண்டு போனேன். ஆறு வருடத்தில் அந்தத் தெருவில் நான் கால் வைத்ததில்லை, மாயவன்தான் போவான். எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகை, கதை, கை எல்லாவற்றையும்.

இருசம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியே! கதையாடி படிச்ச, கதை!" நேற்று தாயி என்ற வாய். அந்தத் திட்டுக்கு நான் தகுந்தவள்தான்.

அம்சவள்ளி திட்டவில்லை. கார்டை இரண்டு முறை படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "அன்னைக்கு நான் ஜன்னல்லதானே நின்னேன்?"



16-8-83

மாயவன் சொன்னான், முதல் பஸ்ஸுக்கே அம்சவள்ளியைக் கீழப்பழுவூரில் ஏற்றிவிட்டானாம், சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து. "செயின் கழலலியே?" என்றேன். "இன்னைக்குக் கழலுமா அக்கா?" என்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதை விடுங்க என்றான். விட முடியவில்லை.

17-8-83, புதன்

நம் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பெட்டியைத் திறந்தேன். ஏழு கடிதம். ஒன்று நீள உறை. கோட்டத் தபால் கண்காணிப்பாளருக்கு. அச்சு மாதிரி கையெழுத்து, அரங்கநாதன் ஐயாவுடையது. பிரிக்காமலே தெரிந்தது, என் மேல் புகார். என்னிடமேதான் போட்டிருக்கிறார், வேறு எங்கே போடுவார்?

மாயவனும் பார்த்துவிட்டான். குரலைத் தாழ்த்தி, "அக்கா, வழியில ஏரி இருக்கு" என்றான்.

"ஏரியில தண்ணியே இல்ல, எதுல போடப் போற?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. முத்திரை குத்தினேன். எழுத்து தெளிவாக விழவில்லை என்று இன்னொரு முறை குத்தினேன். பையைக் கட்டிக் கொடுத்தேன்.

18-8-83, வியாழன்

பத்திரிகை வந்தது. இருபத்து மூன்றாவது வாரம். பட்டையைத் தொடவில்லை. அரங்கநாதன் ஐயாவுக்கு ஆறு வருடத்தில் முதல் முறையாக வியாழக்கிழமையே பத்திரிகை போயிற்று.

6-9-83

தபால் இன்ஸ்பெக்டர் அரியலூரிலிருந்து வந்தார். இளம் வயசு. கார்டின் நகலும் ஐயாவின் கடிதமும் அவர் ஃபைலில் இருந்தன. "நீங்க வேணும்னே பண்ணலைன்னு எழுதிக் குடுங்க" என்று வழி காட்டினார். நல்ல பிள்ளை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கதைக்காகவா என்று இரண்டு முறை கேட்டார். கதைக்காகத்தான் என்றேன். அவர் வேறு பெரிய காரணம் எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

21-9-83

உத்தரவு வந்துவிட்டது. தராசு, முத்திரை, பெயர்ப் பலகை எல்லாம், என் இடத்துக்கு வந்திருக்கும் செல்லமுத்து வீட்டுக்குப் போயின. சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

22-9-83, வியாழன்

ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

20-10-83

மழை பிடித்துக்கொண்டது. 'ஈரமில்லாத குடை' இன்றோடு முடிகிறதாம், அட்டையில் போட்டிருக்கிறது என்று செல்லமுத்து சொன்னான். யார் கொன்றது என்று கேட்க வாய் வரை வந்தது. அவனுக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கம் இல்லை. அந்த வேலைக்குச் சரியான ஆள்.

14-11-83

அம்சவள்ளி வந்தாள். அந்தப் பழைய ஜன்னலுக்கு வெளியே நின்றாள். "ஆர்டர் வந்துருச்சுங்க. பாடாலூர் ஸ்கூல். நாளைக்குச் சேரணும்."

உள்ளே வா என்றேன். வந்தாள். காபி கொடுத்தேன், குடித்தாள். நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கும்போது சொன்னாள். "உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்லத்தான் வந்தேன். ஆனா இன்னும் வரலைங்க. வந்ததும் சொல்றேன்."

சரிம்மா என்றேன். பொய் சொல்லாமல் போனாளே, அது போதும். போன பிறகு நெடுநேரம் அந்த டம்ளரைக் கழுவாமல் வைத்திருந்தேன்.

1-12-83, வியாழன்

அரங்கநாதன் ஐயா வந்தார். ஆகஸ்டுக்குப் பிறகு இந்த வாசலுக்கு இன்றுதான் வருகிறார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கையில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு.

"புகார் எழுதினது எழுதினதுதாம்மா. லைன் கிளியர் இல்லாம ஒரு வண்டியை விட்டவன் இல்லை நான். என் பத்திரிகைக்காக எழுதலை. அந்தப் பொண்ணு கார்டுக்காக எழுதினேன்."

"தெரியுங்க. சரிதான் நீங்க செஞ்சது."

"என் கடுதாசியை நீங்களேதான் அனுப்பினீங்கன்னு மாயவன் சொன்னான். ரெண்டு முத்திரையாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. போன வாரம் கதையை ஆரம்பிச்சேன். இருபத்திரண்டு வரைக்கும் படிச்சாச்சு. அதுக்கு மேல பிரிக்கலை. இந்தாங்க, மிச்சம் பத்து வாரம்."

எனக்கு விளங்கவில்லை. "நீங்க இன்னும் முடிவு படிக்கலையா?"

"ஆறு வருஷமா நீங்க படிச்சப்புறம்தானே நான் படிச்சிருக்கேன். இதை மட்டும் முந்திக்கிட்டா முறை தப்பிடும். படிச்சுட்டுக் குடுங்க. எனக்கு டாக்டர் மேலதான் சந்தேகம். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

போய்விட்டார். பத்து இதழ். பத்திலும் பட்டை இருந்தது, அவர் விலாசத்தோடு. எல்லாம் வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்தவை.

மேலே இருந்ததை எடுத்தேன். விரல் வழக்கம்போல ஓரத்துக்குப் போய் மெல்லத் தள்ளப் பார்த்தது. நிறுத்தினேன். பிறகு பட்டையைப் பிடித்துக் கிழித்தேன். அதற்கு இவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. கொட்டகையில் மாடு திரும்பிப் பார்த்தது.